வாடிக்கையாளரின் கூற்று

ஐம்பத்தெட்டில் தொடங்கும்.
அறுபத்தாறில் நின்றுவிடும்.
புர்க்டோர்ஃபிலிருந்து லாங்னவ் வரை
என் வேலைப் பாதை முழுக்க
அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது.

ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பது என் வேலை.
குத்துதா, உளையுதா, விண்விண் எண்டு தெறிக்குதா,
சுள்ளெண்டு வந்து போகுதா,
ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெர்மன் சொல்
பதினொரு வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

கராஜ் மேசையில் ஹேர் கெர்பர் கேட்டார்:
"என்ன மாதிரிச் சத்தம்?"

கடகட இல்லை.
லொடலொட என்றால் அது எங்கள் பழைய வான்.
சலசலப்பில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும், இதில் இல்லை.
கிலுகிலு... கிட்ட வந்துவிட்டேன்,
ஆனால் அதற்குள் ஒரு பிள்ளை சிரிக்கும்.
தகரப் பேணிக்குள் நாலு புளியங்கொட்டை
என்று சொன்னால் சரி.
புளியங்கொட்டைக்கு நான் எங்கே போவேன்?
அவருடைய பேனா காத்திருந்தது.
"கிளாப்பர்ன்" என்றேன்,
தோற்றுப்போய்.

வாடிக்கையாளரின் கூற்று: சத்தம்.
அப்படித்தான் எழுதினார்.
கூற்று என்று.
களவுபோன சைக்கிளுக்குப் பொலிஸில் எழுதுவார்களே,
அதுபோல.

பிறகு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்,
மடியில் கோப்பு, கண்ணை மூடிக்கொண்டு.
ஐம்பத்தெட்டு. அறுபது. அறுபத்துமூன்று.
பெண்பார்க்க வந்தவர்கள் முன்னால் இருத்திய பிள்ளைபோல
கார் வாயே திறக்கவில்லை.
எம்மே ஆறு ஓடுவதுகூடக் கேட்டது.

இரண்டாம் முறையும் அவரே வந்தார், அதே மௌனம்.
மூன்றாம் முறை நான்கு நாள் வைத்திருந்தார்கள்.
இரவல் தந்த காரில் யாரோ ஒருவருடைய நாய் மணத்தது.
என்னுடையதைக் கழுவித் தந்தார்கள்.
சத்தமும் கழுவுப்பட்டு
முன்னைவிடத் தெளிவாய்க் கேட்டது.
"குறை கண்டறியப்படவில்லை",
அதைக் கண்டறியாததற்கு
நூற்றெண்பத்துநான்கு பிராங்.

"நீங்கள் கொஞ்சம் உன்னிப்பாகக் கேட்கிறீர்கள்"
என்றார் ஹேர் கெர்பர். நல்ல மனிதர்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்
என்று சொல்லியிருக்கலாம்.
கிண்ணத்திலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த மத்தியானம் ஒரு பெண்,
என் வயதுதான் இருக்கும், நெஞ்சில் கை வைத்து,
"ஆரும் பக்கத்தில இருந்தா இல்லை அக்கா.
தனிய இருக்கேக்கை மட்டும்
உள்ளுக்க என்னவோ ஆடுது" என்றாள்.
படங்களில் ஒன்றுமில்லை.
"ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்" என்றார் மருத்துவர்.
சொன்னேன்.

உத்தரவாதம் ஒக்டோபர் முப்பத்தொன்று
நள்ளிரவோடு முடிந்தது.
நவம்பர் மூன்று, மழை.
பஸ்ஸைத் தவறவிட்ட தாதி பிரிகிட்டாவை ஏற்றினேன்.
மாமியாரின் இடுப்பு அறுவை பற்றி வழிநெடுகப் பேசினாள்.
ராம்சையில் இறங்கினாள்.
கதவு சாத்திய கையோடு
புளியங்கொட்டைகள் எழும்பிவிட்டன.

காரை ஓரங்கட்டி
வெறும் ஆசனத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொலைபேசியில் ஹேர் கெர்பர் ஒரு கணம் பேசவில்லை.
"அப்படியென்றால் ஆசனச் சட்டம்.
ஒரு சின்ன ஆணிதான்.
முந்நூற்று நாற்பது வரும். உத்தரவாதம்தான்..."
"தெரியும்" என்றேன்.

இப்போது அவர் இருந்த இடத்தில்
பத்துக் கிலோ கீரிச்சம்பா.
பட்டி போடாவிட்டால் கார் பீப் பீப் என்று கத்துகிறது,
ஆகவே பட்டியும் போட்டாயிற்று.
சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரிலிருந்து
ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார்.
அறுபது. அறுபத்துமூன்று.
ஒரு பொட்டுச் சத்தமில்லை.

வியாழன் விருந்தாளிகள் வந்தார்கள்.
கடை பூட்டியாயிற்று.
மூட்டையைப் பிரித்து ஆறு சுண்டு அளந்தேன்,
ஒவ்வொரு சுண்டையும் யோசித்து யோசித்து.

வெள்ளி காலை, ஐம்பத்தொன்பதில்,
மிக மெல்ல,
ஒரேயொரு கொட்டை.